பாத்துக்கிடலாம்

சிங்கராயர் முதன்முதலாகச் சிவந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். சண்முகவடிவும் சிரித்தாள், கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் காரணத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

சிவப்பது, பச்சையாவது என்பதெல்லாம் அந்த ஆலையில் புதிதாக வந்த பேச்சு. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி, உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை அது. மழையை நம்பி யாரும் குடத்தை எடுக்காத காலம். பதினொரு ஊர்களில் குழாயைத் திறந்தால் தண்ணீர் இங்கிருந்துதான் போக வேண்டும். வேலை செய்பவர்கள் முப்பத்தெட்டுப் பேர். சண்முகவடிவு அவர்களுக்கு மனிதவள அலுவலர். லீவு, சண்டை, பிறந்தநாள் கேக், எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கும் மதிப்பு வட்டத்தையும் அவள்தான் நடத்த வேண்டும்.

வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேன்டீன் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நேர்மை, பொறுப்பு, மரியாதை, துணிச்சல், குடும்பம் என்று இருபது அட்டைகள். அவரவருக்கு வாழ்க்கையில் எது முக்கியமோ அந்த அட்டையை எடுத்து, ஏன் முக்கியம் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூட வேலை பார்ப்பவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் சண்டை குறையும் என்றது தலைமை அலுவலகம். குறையவும் செய்தது. பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒருவர் கதையை இன்னொருவர் அங்கேதான் முதல்முறையாகக் கேட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியுமா என்று மேலே யாருக்கோ சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் அந்தக் கல்.

கறுப்பாக, வழவழவென்று, இரண்டு சாண் நீளத்தில் இருக்கும். கம்பெனி அதற்கு உரைகல் என்று பெயர் வைத்திருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே, ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கும் செல்லக்கனி, "அம்மிக் குழவி மாதிரில்லா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அது குழவி. ஆலைக்குள் எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையில் பொட்டளவு மைக் ஒன்றும், கூடவே சின்ன விளக்கு ஒன்றும் உண்டு. வாரம் முழுக்க நீங்கள் பேசுவதைக் குழவி கேட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை நீங்கள் அட்டையை எடுத்து, கதையைச் சொல்லிவிட்டு, அதன்மேல் கையை வைத்தால், சொன்ன மதிப்பும் அந்த வாரத்துப் பேச்சும் ஒத்துப்போகிறதா என்று நிறத்தில் காட்டும். ஒத்துப்போனால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. அடுத்த வெள்ளிக்கிழமைவரை உங்கள் வில்லை விளக்கும் அதே நிறத்தில் எரியும். தொடர்ந்து பன்னிரண்டு வாரம் சிவந்தவரை அவர் வகிக்கும் பதவியிலிருந்து இறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டபோது யாரும் அதைப் படிக்கவில்லை.

சிங்கராயர் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் இன்சார்ஜ். ஐம்பத்துநாலு வயது, கொஞ்சம் தொந்தி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பானர். ஆலை முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அந்த வெள்ளிக்கிழமை அவர் பொறுப்பு என்ற அட்டையை எடுத்தார். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, அம்மா கைக்குழந்தைத் தங்கச்சியை அவரிடம் விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனாளாம். வீட்டில் அத்தை இருக்கிறாளே, அவள் பார்த்துக்கொள்வாள் என்று இவர் விளையாடப் போய்விட்டார். பையன் இருக்கிறானே என்று அத்தை படுத்துத் தூங்கிவிட்டாள். குழந்தை தவழ்ந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. உயிர் பிழைத்தது, ஒரு காது போய்விட்டது.

"இன்னைக்கும் அவட்ட பேசணும்னா இடது பக்கமாப் போய் நின்னுதான் பேசணும்," என்றார். "அடுத்தவன் பாத்துக்கிடுவான்னு அன்னைக்கு விட்டதுதான். பொறவு எதையும் அப்படி விட்டதில்ல."

கேன்டீனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழுந்து போய்க் குழவியின்மேல் கையை வைத்தார். அது பழுத்த மிளகாய் நிறத்துக்குப் போயிற்று. அந்த நேரத்தில் அந்த நிறம் வந்ததில் யாரோ பக்கென்று சிரித்துவிட, அடக்கிவைத்திருந்த எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரத்துக்கும் நம்மளப் பிடிக்கலபோல" என்று அவரே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சண்முகவடிவின் பலகையில் இப்படிப் போட்டிருந்தது: பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல், இந்த வாரம் அறுபத்தோரு முறை. எந்தச் சொல் என்று அவள் போய்த் தேட வேண்டியதில்லை.

பாத்துக்கிடலாம்.

செல்லக்கனியின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றால் பாத்துக்கிடலாம். மூன்றாம் பம்பில் கசிவு என்றால் பாத்துக்கிடலாம். எலெக்ட்ரீஷியன் மைதீன் மகளுக்குக் காய்ச்சல், ஷிப்ட் மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் பாத்துக்கிடலாம். சொல்லி முடிக்கும்போதே அவர் கால் நடக்க ஆரம்பித்திருக்கும். ஸ்கூட்டர் கிளம்பும், கசிவு நிற்கும், மைதீனுக்குப் பதில் அவரே நிற்பார். அவருடைய வேலைப் பட்டியலில் இதில் பாதி கிடையாது. அதனால் எங்கேயும் எழுதி வைக்கமாட்டார். அவர் செய்த காரியத்துக்கெல்லாம் மிஞ்சிய ஒரே அடையாளம் அந்தச் சொல்தான். குழவிக்கு அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் சண்முகவடிவு.

அது நடந்தது நாலு மாதம் முன்னால். கல்லைச் செய்த கம்பெனியிலிருந்து தணிகைவேல் என்று ஒரு வேலூர்க்காரர் வந்திருந்தார். "நாங்க கத்துக்குடுத்தா அதுக்கு எங்க ஊர்த் தமிழ்தாங்க வரும். உங்க ஊர்ப் பேச்சை உங்க ஊர் ஆளுதான் சொல்லிக்குடுக்கணும்," என்றார். ஆலையில் பதிந்த பேச்சு பன்னிரண்டாயிரம் வாக்கியம். ஒவ்வொன்றையும் கேட்டு, அது எந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். "நீங்க பொறுப்புன்னா பொறுப்பு, திமிருன்னா திமிரு. அது உங்களை எதிர்த்துக் கேக்காது." சண்முகவடிவு கோவில்பட்டிக்காரி. இந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்தவள். அவளைவிட்டால் இதற்கு யார் இருக்கிறார்கள் என்று மேலாளரும் சொன்னார், அவளும் நினைத்தாள்.

இரண்டு மாதம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு புதன்கிழமை காலை வீட்டில் சண்டை. அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கணவன் பால்வண்ணனிடம் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவன் செருப்பைப் போட்டபடியே, "பாத்துக்கிடலாம், வடிவு" என்றுவிட்டுப் போனான். அந்த எரிச்சலோடு அலுவலகம் வந்து ஹெட்போனை மாட்டினால், முதல் வாக்கியமே சிங்கராயர் குரல். பாத்துக்கிடலாம். அடுத்ததும் அதே. இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று அவளுக்கு வந்ததே ஒரு கோபம். தட்டிக்கழித்தல் என்ற பொத்தானை அமுக்கினாள். இந்தச் சொல் வரும் எல்லா இடத்துக்கும் இதையே போடவா என்று திரை கேட்டது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு இடம். சாப்பாட்டு மணி வேறு அடித்துவிட்டது. போடு என்றாள்.

அன்று சாயங்காலம் பால்வண்ணன் வந்து, நாளைக் கழித்து ஆபரேஷன் என்றான். நல்ல லென்ஸ் வெளியிலிருந்து வர வேண்டியிருந்ததாம், அதற்காக மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறான், இவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சண்முகவடிவுக்கு வெட்கமாகப் போயிற்று. நாளைக்கு முதல் வேலையாக அந்தப் பொத்தானை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் அதற்குள் தணிகைவேல் கூப்பிட்டுவிட்டார். பட்டியலை எடுத்துப் பார்த்தார்களாம், இவ்வளவு தெளிவாக யாரும் செய்ததில்லையாம். கரையோரம் இருக்கும் மற்ற ஐந்து ஆலைகளுக்கும் இதையே போடப் போகிறார்கள். ஆறு ஆலைகளுக்கும் வட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு அவள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் போய், ஒரு நிமிஷம், நேற்று வீட்டுக் கோபத்தில் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டாள். பிறகு என்பது எப்போதும் கொஞ்சம் தள்ளியே இருந்தது.

சிங்கராயர் இரண்டாம் வாரமும் அதே அட்டையை எடுத்தார். சிவப்பு. மூன்றாம் வாரம் அவர் எழுந்ததுமே, "அண்ணாச்சி, இந்தத் தடவை குடும்பத்த எடுங்க" என்று மைதீன் கேலி செய்தான். நாலாம் வாரம் கேலி இல்லை. ஐந்தாறு வாரம் போனதும் ஆட்கள் அவரைப் பார்க்கும் பார்வையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பம்பில் கசிவு என்றால் அவரிடம் சொல்லிவிட்டு இன்னொருவரிடமும் சொல்லி வைத்தார்கள். அவர் கவனிக்காமல் இல்லை.

சண்முகவடிவு ஒவ்வொரு வாரமும் நேர்மை அட்டையைத்தான் எடுத்தாள். அவளுக்கு ஒவ்வொரு வாரமும் பச்சை.

ஒன்பதாம் வாரம் அவர் அவளுடைய அறைக்கு வந்தார். உட்காருங்கள் என்றதற்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றார். பொண்டாட்டி கேட்கிறாளாம், அப்படி என்னதான் செய்தீர்கள் என்று.

"எந்திரத்துக்கு என்மேல என்ன விரோதம் மேடம்? அது பாட்டுக்கு உள்ளதச் சொல்லுது. பொறுப்பு பொறுப்புன்னு நாந்தான் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்போல. தங்கச்சி விழுந்தன்னைக்கு எப்படி இருந்தேனோ, அப்படியேதான் இருக்கேனோ என்னவோ."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. தப்பு உங்கள்மேல் இல்லை அண்ணாச்சி, என்மேல் என்று ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் ஆறு ஆலையின் நிறமும் பொய்யாகிவிடும், பதவி போகும், யாரெல்லாம் எவ்வளவு கேள்வி கேட்பார்கள் என்று மனசு ஒரு நொடியில் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இவரைப் பதவியிறக்கத்திலிருந்து காப்பாற்றினால் போதாதா, காப்பாற்ற வேறு வழி இருக்கிறதே என்று அதுவே ஆறுதலும் சொல்லிக்கொடுத்தது.

"ஒண்ணு செய்ங்க அண்ணாச்சி," என்றாள். "யாராவது ஒரு காரியம்னு வந்தா பாத்துக்கிடலாம்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தச் சொல்லையே விட்டுருங்க. யாரு செய்யணும், எந்தப் படிவம், எத்தனை மணிக்குள்ள. இந்த மூணையும் தெளிவாச் சொல்லிருங்க. போதும்."

"அந்தச் சொல்லா மேடம் அப்படிக் காட்டுது?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். எவ்வளவோ படித்தவள் சொல்கிறாள் என்று அவர் தலையாட்டிவிட்டுப் போனார். திருத்த வேண்டிய சொல்லை விட்டுவிட்டு ஆளைத் திருத்தி அனுப்பினாள் சண்முகவடிவு. அன்று மதியச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை, அதுவும் உண்மை. ஆனாலும் அவரைக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

பதினோராம் வாரம் குழவி அவர் கைக்குக் கீழே பச்சையாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். செல்லக்கனி கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் பருப்புவடை வாங்கிக் கொடுத்தாள். என்ன செய்தீர்கள் அண்ணாச்சி என்று பச்சையும் சிவப்புமாகத் திண்டாடிக்கொண்டிருந்த மற்றவர்கள் கேட்டார்கள். அவரும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் ஆலையில் முக்கால்வாசிப் பேர் பச்சை. அங்கிருந்து மற்ற ஐந்து ஆலைகளுக்கும் அந்த வித்தை போயிற்று. மாதாந்திர அறிக்கையில் சண்முகவடிவு சிங்கராயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள், பெயரோடு. தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது.

இதற்கிடையில் செல்லக்கனியின் ஸ்கூட்டர் பத்து நாளாக ஷெட்டில் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கடலிலிருந்து உறிஞ்சும் தண்ணீர் கொழகொழவென்று வருகிறது என்று ஆய்வுக்கூடத்தில் செல்லக்கனிக்குத் தெரிந்தது. சொறிமீன் என்கிற ஜெல்லி மீன் கூட்டம் வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் வந்து உறிஞ்சும் இடத்தின் வலையில் அப்பிக்கொண்டால் பம்பு எல்லாம் நின்றுவிடும். கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது அந்த உறிஞ்சுமேடை. அவள் சிங்கராயரைக் கூப்பிட்டாள். அவர் தெளிவாகப் பதில் சொன்னார்: உறிஞ்சுமேடைப் பிரிவுக்குப் பதினாலாம் படிவம் போடுங்கள், நாலு மணி நேரத்துக்குள் ஆள் வரும். அவள் போட்டாள். அரை மணி காத்திருந்தாள். பிறகு பொறுக்காமல், நடைபாலத்தில் தனியாக நடந்து மேடைக்குப் போனாள்.

சொறிமீன் கூழில் கால் வழுக்கி, கம்பிக்கும் வலைக்கும் நடுவில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வில்லையில் இருக்கும் அபாயப் பொத்தானை அழுத்தினாள். எல்லோருடைய போனிலும் மணி அடித்தது. ஏழு பேர் உடனுக்குடன் பதில் போட்டார்கள். தகவல் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வொருவரும் அடுத்த பிரிவுக்கு அனுப்பினார்கள். முதல் பதில் சிங்கராயருடையது. ஒரு மணி இருபது நிமிஷம் அவள் வெயிலில் கிடந்தாள். கடைசியில் அந்தப் பக்கம் போன மீன்பிடிப் படகுக்காரர்கள் பார்த்துச் சத்தம் போட்டார்கள். அதற்குள் பம்பும் நின்றிருந்தது. பதினொரு ஊர்களில் ஒன்றரை நாள் தண்ணீர் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வட்டம் நடந்தது. ஒரு நாற்காலி காலி. யாரும் கதை எதுவும் சொல்லவில்லை, ஆளுக்கொரு அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கையை வைத்தார்கள். முப்பத்தேழு பேரும் பச்சை. அப்படி ஒரு வாரம் அதுவரை வந்ததே இல்லை. சண்முகவடிவு தன் முறை வந்தபோது நேர்மை அட்டையை எடுக்கப் போய், விரல் நகராமல், பக்கத்திலிருந்த குடும்பத்தை எடுத்தாள். அதற்கும் பச்சை.

ஆஸ்பத்திரியில் செல்லக்கனி காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். யார்மேலும் கோபமில்லை என்றாள். எல்லோரும் ஒழுங்காகத்தானே பதில் போட்டார்கள். "முன்னெல்லாம் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினா, பாத்துக்கிடலாம்பாரு. நாம போனை வைக்கதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பாரு. இப்ப விவரமாப் பேசுதாரு மேடம். படிவம் நம்பர்கூட மனப்பாடம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சண்முகவடிவு கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து நின்றாள். அந்தக் காலை ஒடித்தது தன் விரல்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, அதுதான் உண்மை.

அங்கிருந்தே தணிகைவேலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். புதன்கிழமை, கணவன், பொத்தான், சாப்பாட்டு மணி எதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை.

"மாத்திடலாங்க, கஷ்டமில்ல," என்றார். "அந்தச் சொல்லு இயல்பா வர்ற மாதிரி ஒரு முப்பது வாக்கியம் வேணும். பழைய பதிவெல்லாம் சட்டப்படி அழிச்சாச்சு. இப்ப இருக்கறதுல இருந்து எடுத்துக் குடுங்க, இது பொறுப்புதான்னு நீங்க குறிச்சா போதும்."

"எடுத்துருதேன்," என்றாள்.

"இருங்க, இங்கயே தேடிப் பாக்கறேன்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "உங்க ஆலைல கடைசி முப்பது நாள்ல ஒண்ணுகூட இல்லைங்க. மத்த அஞ்சுலயும் தேடிட்டேன். அந்தச் சொல்லை இப்ப யாருமே சொல்றதில்ல."

அப்படியானால் யாரையாவது சொல்லச் சொல்லிப் பதிந்து தரவா என்று கேட்டாள். சொல்லச் சொன்னால் அது எண்ணிக்கையில் சேராது என்றார் தணிகைவேல். ஒருவர் கஷ்டம் என்று வந்து நிற்க, இன்னொருவர் தானாகச் சொல்ல வேண்டும். "ஒண்ணே ஒண்ணு கெடச்சாக்கூட அதை வெச்சு ஆரம்பிக்கலாங்க. ஒண்ணு வேணும்."

தலைமை அலுவலகத்துக்கு அவள் கடிதம் எழுதினாள். நடந்ததை நடந்தபடி, நாலு பக்கம். எழுதிவிட்டு அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், வட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், நடைபாலத்தில் நடந்தாள். விபத்துக்குப் பிறகு சிங்கராயர் கட்டுப்பாட்டு அறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உறிஞ்சுமேடைக்கு வேலை மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் இறக்காமலே அவராக இறங்கிக்கொண்டார்.

அவர் நீளக் கம்பால் வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரமில்லாத இடமாகக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். குழவிக்குச் சொல்லிக்கொடுத்தது யார், எந்த நாளில், என்ன கோபத்தில் என்று. ஒன்பதாம் வாரம் அவர் அறைக்கு வந்தபோதே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அவர் கடலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும், "அப்போ நான் பொறுப்பில்லாதவன் இல்ல, அப்படித்தானே?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. ஒருநாளும் இல்ல."

"அப்ப இல்ல," என்றார். "இப்ப ஆயிட்டேன். நீங்க விடச் சொன்ன பொறவு ஒரு மாசம் நாக்கைக் கடிச்சுக்கிட்டே இருந்தேன். பொறவு பழகிட்டு. அந்தச் சொல்லைச் சொல்லிட்டா போகாம இருக்க முடியாது மேடம். வாய் சொல்லிட்டே, போய்த்தானே ஆகணும்? சொல்லாம இருந்தா போகவேண்டிய தேவையே இல்ல. சொல்லு நின்னதும் காலும் நின்னுட்டு." கையிலிருந்த கடிகாரத்தை ஒருமுறை திருப்பி விட்டுக்கொண்டார். "செல்லக்கனி பொத்தானை அழுத்தினப்ப எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? மேடைப் பிரிவு ஆள் பாத்துக்கிடுவான்னு. நாப்பது வருசத்துக்குப் பொறவு மறுபடியும் அப்படி இருந்துட்டேன்."

சண்முகவடிவுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்கே அனுப்பப்போகிறாள். வேலை போய்விடும், வேலையோடு விட்டால் பெரிசு. ஆறு ஆலையில் யார் யார் இறக்கப்பட்டார்கள் என்று கணக்கெடுத்தால் எத்தனை பேர் வாசலில் வந்து நிற்பார்களோ. பால்வண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

"எனக்கு என்ன செய்யன்னே தெரியல அண்ணாச்சி," என்றாள்.

பதிவுக்காக அவள் அதைச் சொல்லவில்லை. தணிகைவேல் கேட்ட அந்த ஒரே ஒரு வாக்கியம் அந்த நேரத்தில் அவள் நினைவிலேயே இல்லை. அந்தச் சொல்லை யாராவது தன்னிடம் சொல்ல மாட்டார்களா என்று மட்டும் இருந்தது. இவர் வாயால் கேட்டால் வீடுவரைக்கும் நடந்து போய்விடலாம்.

சிங்கராயர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகம் இளகிற்று. பழைய அண்ணாச்சி வந்து நின்றதுபோல் ஒரு கணம் இருந்தது. ஒரு கால்கூட அவளை நோக்கி நகர்ந்தது.

"பாத்துக்..." என்றார்.

அவர் கண் தானாகக் கீழே, சட்டையில் குத்தியிருந்த வில்லைக்குப் போயிற்று. வாய் அப்படியே நின்றது.

"பாத்துப் போங்க மேடம்," என்றார். "பாலத்துல வழுக்கும்."

வில்லையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் கம்பை எடுத்துக்கொண்டு வலைப் பக்கம் திரும்பிவிட்டார். மூன்று மணி வட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சண்முகவடிவு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, கரையை நோக்கி நடந்தாள்.